எதை என்று கேட்காதவள்

ஜூன் 9, திங்கள்

இன்று என்னிடம் ஒரு பெண்ணை ஒப்படைத்திருக்கிறார்கள். கோப்பில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. 'மொழிபெயர்ப்பாளர் 2' என்று இருந்தது. நான் மரகதம் என்று மாற்றினேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் சரி.

எங்கள் கம்பெனி செய்துகொண்டிருப்பது ஒரு துப்பாக்கி விளையாட்டு. இல்லாத ஒரு நாடு, அதில் ஒரு போர். ஆடுகிறவன் சிப்பாய். நான்காவது லெவலில் அவனுடைய படை ஒரு மலைத் தோட்டத்துக்குள் நுழைகிறது. அங்கே கூலி வேலை செய்கிறவர்கள் தமிழர்கள். படையில் யாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு பக்கமும் பேசுகிறவள் மரகதம். பாதையில் கண்ணிவெடி இல்லை என்று அவள் சொல்வதை நம்பிப் படை மேலே ஏறுகிறது. வெடிக்கிறது. கூட வந்தவர்கள் எல்லோரும் செத்துப்போக, ஆடுகிறவன் மட்டும் திரும்பி வருகிறான். அவன் முன்னால் மரகதம் மண்டியிட்டிருப்பாள். சுடலாம், விட்டுவிட்டும் போகலாம்.

இதுவரை ஆடிப் பார்த்த டெஸ்டர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சுட்டுவிட்டார்கள்.

"இவளுக்கு ஒரு கதை வேணும் வடிவு," என்றார் வத்சன் சார். அவர்தான் எங்கள் டீமுக்கு லீட். "ஏன் அப்படிச் சொன்னா? முன்னாடி என்ன நடந்தது? சாகறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசட்டும். கேக்கறவன் கொஞ்சமாவது தயங்கணும். தமிழ் வசனம் உன் டிபார்ட்மெண்ட்."

சரி சார் என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவிலிலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. கம்பெனி இன்சூரன்சில் பெற்றோருக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்று நான்தான் வரச் சொன்னேன். அப்பா புரோட்டா மாஸ்டர். நாள் முழுக்கக் கல்லுக்கு முன்னால் நிற்கிற வேலை. சர்க்கரை இருக்கிறது. இடது காலில் இரண்டாவது விரலில் புண். சனிக்கிழமை டாக்டரைப் பார்த்தோம். டாக்டர் மித்ரா வங்காளத்துப் பெண்மணி. ஆங்கிலமும் இந்தியும்தான் பேசுவார். எடுக்க வேண்டும் என்றார். அப்பாவிடம் சொன்னேன்.

குக்கர் கைப்பிடி ஆடுகிறது. ஸ்க்ரூ வாங்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

அப்பா காலையில் செருப்பைப் போட்டுப் பார்த்தார். ஏறவில்லை.

ஜூன் 11, புதன்

கட்டு மாற்றும் நாள். ஆட்டோவில் அப்பா காலை வெளியே நீட்டிக்கொண்டே வந்தார். டிரைவர் கன்னடத்தில் திட்டினார்.

"என்னளா சொல்லுதான்?"

"காலு பத்திரம்ங்கான்ப்பா."

அப்பா நெகிழ்ந்துபோய் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த ஆளும் என்ன நினைத்தாரோ, பதிலுக்குக் கும்பிட்டார்.

டாக்டர் கட்டைப் பிரித்து அழுத்திப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி, நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் பேசினார். அவருக்கு ஒரு பழக்கம். மொழி தெரியாவிட்டாலும் நோயாளியைப் பார்த்துத்தான் பேசுவார். அப்பா சிரித்தபடி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு டாக்டர் என்னிடம் திரும்பி, எப்போது அட்மிட் ஆகிறார் என்று கேட்டார். வீட்டில் யோசிக்கிறார்கள் என்றேன். திங்கட்கிழமையைத் தாண்டக் கூடாது என்றார்.

"என்ன சொல்லுதாங்க?"

"எடுக்கணும்னுதாம்ப்பா சொல்லுதாங்க."

"எதை?"

"உள்ள இருக்கிற சீழை."

"அதான் வாரப்பல்லாம் எடுக்காங்களே."

"முழுசா எடுக்கணுமாம்."

பொய் இல்லை. சீழையும் எடுக்கத்தான் வேண்டும்.

வெளியே வரும்போது ஒரு நர்ஸ் அப்பாவின் பேச்சைக் கேட்டுவிட்டு நின்றார். "ஐயா தமிழா? எந்த ஊரு?" அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "சங்கரங்கோயிலும்மா. நீங்க?" "கோலார் தங்கவயலு. என் பேரு ஸ்டெல்லா. கால்ல என்ன ஐயா, காட்டுங்க." ஆட்டோ காத்திருக்கிறது என்று சொல்லி அப்பாவை நகர்த்திக்கொண்டு வந்தேன். ஆட்டோ எதுவும் காத்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றோம்.

கூட வந்திருந்த அம்மாவை அப்பாவுக்குத் துணைக்கு நிறுத்திவிட்டு உள்ளே போய், சிஸ்டர் ஸ்டெல்லாவுக்கு எந்த நேரத்தில் டியூட்டி என்று ரிசப்ஷனில் விசாரித்தேன். ஆபீஸ் கேண்டீனில் சர்க்கரை இல்லாத டீ கேட்டு, சர்க்கரை போட்டுக் கொடுத்தால் அதையே குடித்துவிட்டு வருகிறவள் நான். இதைக் கேட்க மட்டும் எனக்குக் கூச்சம் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

மரகதம் ஏன் அப்படிச் சொன்னாள்? வத்சன் சார் போர்டில் எழுதினார்: பணம், பழி, காதல்.

"இதுல ஒண்ணு எடுத்துக்கோ."

"எதுவும் வேண்டாம் சார்," என்றேன். குரல் வெளியே வந்தது எனக்கே ஆச்சரியம்.

என்னிடம் இருந்த காட்சியை விளக்கினேன். படைத்தலைவன் ஒரு கிழவரிடம் கேட்கச் சொல்கிறான்: மேலே போகிற பாதையில் கண்ணிவெடிகளை எடுத்துவிட்டார்களா? மரகதம் கிழவரிடம், "பாதையில எடுத்தாச்சாய்யா?" என்று கேட்கிறாள். எதை என்று அவள் சொல்வதில்லை. நம் பேச்சில் அதைச் சொல்ல வேண்டியதில்லை. கிழவர், "காலையிலயே எடுத்தாச்சு தாயி," என்கிறார். அவர் மகன் அந்தப் பாதையில் செத்துக் கிடந்தவன். அவர் சொல்வது மகனை.

வத்சன் சார், "ஆமால்ல. சாவு வீட்ல அப்படித்தானே கேப்போம், எப்ப எடுக்கறாங்கன்னு," என்றார். "செம வடிவு. அப்போ இவ தப்பாப் புரிஞ்சுண்டா. பாவம். முடிஞ்சது கதை."

"இல்ல சார். அவளுக்குப் புரிஞ்சுது. முற்றம் ஈரமா இருக்கு, இப்பத்தான் கழுவி விட்டிருக்காங்க. வழியெல்லாம் பூ கிடக்கு. அவ பார்த்தா."

"அப்புறம் ஏன் க்ளியர்னு சொன்னா?"

"திரும்பக் கேக்கணும்ல சார். எதைன்னு கேக்கணும். அவர் வாயால சொல்ல வைக்கணும்."

"கூச்சமா? கூச்சப்பட்டு ஒரு படையையே கொன்னாளா?" அவர் சிரித்தார். பக்கத்து மேசையில் அல்போன்சும் சிரித்தான். அவன் தூத்துக்குடிக்காரன், எங்கள் டெஸ்டர். "விடுங்க சார், நம்ம வடிவு தீ பிடிச்சாக்கூட லிஃப்ட்ல ஆள் இருந்தா அடுத்த லிஃப்ட்டுக்கு நிக்கும்."

நானும் சிரித்தேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை. இரண்டு நாளாக எங்கேயும் உட்கார முடியவில்லை.

ஜூன் 14, சனி

அப்பா புரோட்டா போட்டார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. "இந்த ஊரு மைதா என்ன சொல்லுதுன்னு பாப்பம்," என்று மாவைப் பிசைந்து, எண்ணெய் விட்டு ஊறவைத்தார். சமையல் மேடை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. இடது குதிகாலை மட்டும் ஊன்றி, உடம்பை வலது பக்கம் சாய்த்து நின்றுகொண்டு வீசினார். மாவு விரிந்து, அந்தப் பக்கம் ஜன்னல் தெரிகிற அளவுக்கு மெல்லிசானது. அம்மா விளக்கெண்ணெய் குடித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நிக்கது பாரு, கொக்கு மாதிரி."

"கொக்குதாம்ளா மீன் பிடிக்கும். உன்ன மாதிரி வாத்தா பிடிக்கும்?"

சாப்பிடும்போது அப்பா முருகையா மாமாவைப் பற்றிச் சொன்னார். அப்பா வேலை பார்க்கும் அதே ஹோட்டலில் சால்னா போட்டவர். காலை வெட்டிய பிறகு வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார்களாம். ஒரு மாதத்தில் அதுவும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். "வெட்டணும்னு எவனாவது வாயத் தொறந்தாம்னா அன்னைக்கே பஸ் ஏறிருவேன். பச்சிலை வச்சுக் கட்டிக்கிட்டு நிப்பேன். என்ன, இந்த அம்மா நல்ல டாக்டரு. எம்புட்டு அமைதியாப் பேசுது."

அறையில் ஒரு வாடை. அம்மா சாம்பிராணி போட்டாள். நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, "விரலு கருப்பா இருக்குட்டி. டாக்டரம்மாட்ட கேட்டியா?" என்றாள்.

"மருந்துனால அப்படித்தான் இருக்குமாம்."

இது பொய். எழுதிப் பார்க்கிறேன். பொய்.

ஜூன் 16, திங்கள்

ஸ்டெல்லாவுக்கு டியூட்டி இல்லாத நேரமாகப் பார்த்துப் போனோம்.

டாக்டர் மித்ரா இன்று அமைதியாக இல்லை. பக்கத்து விரலுக்கும் பரவிவிட்டது என்றார். ஒன்பது நாளைக்கு முன் சொன்னேனே, ஒரு விரல்தான், இரண்டு வாரத்தில் நடந்திருப்பார், ஏன் சம்மதிக்க மறுக்கிறார் என்று கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்து, ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருக்கிறது என்றேன். வியாழக்கிழமை வரைதான், அதற்குப் பிறகு விரலோடு நிற்காது என்றார். கேஸ் ஷீட்டில் நோயாளி சம்மதிக்கவில்லை என்று எழுதினார்.

"என்னளா, கோவமா இருக்காங்க?"

"நீங்க நடக்கீங்கன்னு கோவப்படுதாங்க. மருந்த மாத்தியிருக்காங்க."

"பாத்தியா," என்றார் அப்பா அம்மாவிடம். "சொந்தப் புள்ள மாதிரி கோவப்படுது."

சொன்னால் பஸ் ஏறிவிடுவார். ஏறினால் போய்விட்டது எல்லாம். அதனால்தான் சொல்லவில்லை. மருந்து கேட்கலாம். சில பேருக்குக் கேட்டிருக்கிறது. நெட்டில் பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மரகதத்தின் பேச்சை முடித்துவிட்டேன். குரல் கொடுக்க ஆள் வரும் வரைக்கும் நானே பேசிப் பதிவு செய்யச் சொன்னார்கள். ஒலி அறையில் யாரும் இல்லாததால் முடிந்தது. இப்படி எழுதியிருக்கிறேன்:

"எங்க லயத்து வீடுகள்ல காலேஜுக்குப் போன மொத ஆளு நான். அன்னையிலேருந்து எல்லாருக்கும் வாயி நான்தான். தோட்டத்துத் துரை சொன்னத இவங்களுக்குச் சொல்லணும், இவங்க சொன்னத துரைக்குச் சொல்லணும். ரெண்டு பக்கமும் என் மூஞ்சியத்தான் பாக்கும். துரை நாயேன்னு சொன்னா, கோவமா இருக்காருன்னு சொல்லுவேன். யாருக்கும் நோகாம சொல்லிச் சொல்லிப் பழகிருச்சு. அந்தப் பெரியவரு மொகத்தப் பாத்துக்கிட்டு, எடுத்தது உம் மகனயா, கண்ணிவெடியவான்னு கேக்கணும். கேக்கல. கண்ணிவெடியவும் எடுத்திருப்பாங்கன்னு நெனச்சேன். நெனச்சேன்னு இல்ல. அப்படி இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

வத்சன் சார் கேட்டுவிட்டு, "இப்ப சுட மாட்டான் பாரு," என்றார். அல்போன்சை ஆட வைத்தோம். நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். என் குரல் திரையிலிருந்து வந்தது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அல்போன்ஸ் முழுக்கக் கேட்டான். பொறுமையாகக் கேட்டான். பிறகு சுட்டான்.

"டேய்!" என்றார் வத்சன் சார்.

"பாவமாத்தான் சார் இருக்கு. பாவம்னு நெனச்சுக்கிட்டேதான் சுட்டேன்."

"ஏன்டா?"

"ஒரு வார்த்தை சார். எதைன்னு ஒரு வார்த்தை. அந்தப் பெரியவர் மனசு நோகும்னு சொல்லுது இந்தப் பொண்ணு. அவரு ஏற்கெனவே மகனத் தூக்கிட்டு வந்து முத்தத்தக் கழுவிட்டு நிக்காரு. அவருக்கு இனிமே நோக என்ன இருக்கு? இவளுக்குத்தான் அந்த மூஞ்சியப் பாக்க முடியல. அதுக்கு நாங்க மேல ஏறணுமா?" பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா எழுதியிருக்க வடிவு. சத்தியமா. கோவம் வர்ற அளவுக்கு நல்லா இருக்கு," என்றான்.

பாத்ரூமில் முகம் கழுவினேன். குழாயை மூடிவிட்டேனா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

ஜூன் 18, புதன்

சொல்ல உட்கார்ந்தேன். "அப்பா" என்றேன். "என்னம்மா" என்றார். "காப்பியா, டீயா" என்று கேட்டேன்.

ஜூன் 19, வியாழன்

நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

டாக்டர் கட்டைப் பிரித்தார். அம்மா முந்தானையால் மூக்கை மூடினாள். மூன்று விரல் கருத்து, அதற்கு மேலும் ஏறியிருந்தது. டாக்டர் அப்பாவைப் பார்த்து, பாதத்தின் முன்பகுதியை எடுக்க வேண்டும், நாளைக்கே, இனிமேல் காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். அப்பா தலையாட்டினார். சிரித்தார்.

அந்தச் சிரிப்பை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஆட்டோக்காரரைப் பார்த்துக் கும்பிட்ட முகம். அது எனக்குத் தாங்கவில்லை. தைரியம் வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். தாங்கவில்லை, அவ்வளவுதான்.

"என்னளா சொல்லுதாங்க?"

"விரலை எடுக்கணும்னு மொத நாளே சொன்னாங்கப்பா. இந்த ஒரு விரலை மட்டும். நான்தான் சீழைன்னு சொன்னேன். இப்ப பாதிப் பாதத்த எடுக்கணுங்காங்க. நாளைக்கே. இல்லன்னா உசுருக்கு ஆபத்துங்காங்க."

அம்மா, "ஏட்டி…" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

"இந்தம்மா வாரப்பல்லாம் எம் மூஞ்சியப் பாத்துப் பாத்துச் சொல்லுச்சே. இதத்தானா?"

"ஆமாப்பா."

"நானும் பல்லக் காட்டிக்கிட்டு மண்டைய ஆட்டுனேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட சொல்ல உனக்கு என்ன பயம்? அடிச்சிருக்கனா ஒருநாளாவது?"

"பஸ் ஏறிருவேன்னு சொன்னீங்க."

"அது மொத சனிக்கெழமையா சொன்னேன்? நீ மறச்ச பொறவுல்ல சொன்னேன்."

அது உண்மை. எனக்கு அது தோன்றவே இல்லை. நான் திங்கட்கிழமை எழுதிய காரணத்தை அப்பா ஒரே வரியில் உடைத்துவிட்டார். முதல் நாள் எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அது மட்டும்தான் இருந்தது.

என்ன பேசுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். அப்பா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இனிமே நீ சொல்ல வேண்டாம். தமிழ் தெரிஞ்ச ஆளு யாரையாவது கூப்பிடச் சொல்லு. இத மட்டும் சரியாச் சொல்லு."

டாக்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். 'இவர் களைப்பாக இருக்கிறார், நாளைக்குப் பேசலாம்' என்று ஒரு வாக்கியம் நாக்கில் தானாக வந்து நின்றது. அதை விழுங்கினேன். நான் சொல்வதை என் தகப்பனார் இனி நம்பவில்லை, நீங்கள் சொன்னதை நான் இவரிடம் சொல்லவே இல்லை, தமிழ் தெரிந்த வேறு ஒருவரைக் கூப்பிடச் சொல்கிறார் என்றேன். முழுக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில் அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

டாக்டர் போனை எடுத்து ஸ்டெல்லாவை வரச் சொன்னார். கேஸ் ஷீட்டைத் திறந்து, சம்மதிக்கவில்லை என்று எழுதியதைக் கோடு போட்டு அடித்தார்.

ஜூன் 20, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும்போது வத்சன் சார் போன் செய்தார். யோசித்துப் பார்த்தாராம். மரகதத்தைச் சுடுகிற வசதியையே நீக்கிவிட்டால் என்ன? அவள் அழுவாள், ஆடுகிறவன் திரும்பி நடப்பான், பின்னால் இசை.

"வேண்டாம் சார். இருக்கட்டும்," என்றேன்.

"எல்லாரும் சுட்டுடுவாங்களே. நீ இவ்வளவு எழுதியும்."

"சுடறவங்க சுடட்டும் சார். அவ பேசறதை முழுக்கக் கேட்டுட்டுச் சுடட்டும்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். நானாக ஒரு போனை வைத்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அப்பா நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. கோபமாக முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. "அவளச் சாப்பிடச் சொல்லு," என்று அம்மாவிடம் சொல்கிறார். "சாப்பிட்டாளாம்," என்று அம்மா அவரிடம் சொல்கிறாள். நான் கட்டில் காலடியிலேயே நிற்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்க டாக்டரும் ஸ்டெல்லாவும் வந்தார்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கொஞ்சம் வெளிய இரும்மா," என்று மட்டும் சொல்லித் திரையை இழுத்துவிட்டார்.

பச்சைத் துணித் திரை. அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். வார்த்தைகள் தெளிவாகக் கேட்கவில்லை. டாக்டரின் குரல், ஸ்டெல்லாவின் குரல், பிறகு அப்பா. அப்பாவின் குரல் ஒவ்வொரு தடவையும் கடைசியில் மேலே ஏறி நின்றது. கேள்வி. ஸ்டெல்லா சொல்வார், டாக்டர் பதில் சொல்வார், ஸ்டெல்லா திருப்பிச் சொல்வார், உடனே அடுத்த கேள்வி. 'நிக்க' என்று ஒன்று காதில் விழுந்தது. 'கல்லு' என்று ஒன்று. ஓரிடத்தில் அப்பா குரலைத் தாழ்த்தி, தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார். ஸ்டெல்லா சிரித்துவிட்டு, டாக்டரிடம் கேட்காமலே அவராகப் பதில் சொன்னார். அம்மா, "சும்மா இருங்க," என்று அதட்டினாள். அப்பாவும் சிரித்தார். அது தலையாட்டுகிறபோது சிரிக்கிற சிரிப்பு இல்லை. வீட்டில் சிரிப்பது.

இத்தனை நாளும் என் வழியாக அப்பா டாக்டரிடம் எதையும் கேட்டதே இல்லை. என்ன சொல்லுதாங்க என்று என்னைக் கேட்பார். நான் சொல்வேன். அத்துடன் முடிந்துவிடும். மகளிடம் கேட்க முடியாதவை அவருக்கும் இருந்திருக்கின்றன.

அம்மா திரையை விலக்கி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டாவ. அவியளுக்குத் துண்டு வேணுமாம்."

பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே வரட்டுமா என்று கேட்டேன். அம்மா திரும்பிப் பார்த்து, "இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காவட்டி," என்றாள். திரை மறுபடி மூடிக்கொண்டது.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்து வாசலில் நின்றது. தள்ளுகிறவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்கள், அப்பா பேசிக்கொண்டிருக்கிறார் என்றேன்.